அதிராத ரேடியோ

மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்த அந்தப் பெரியவர், ரேடியோவைச் சாக்கில் சுற்றி, ஆட்டோவில் மடிமேல் வைத்தே கொண்டுவந்திருந்தார். கம்பம்மெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவர். அங்கே கரண்ட் வராத காலத்தில் கார் பேட்டரியில் ஓடிய ரேடியோ அது.

நான் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சின்னமனூர் வீட்டில் பழைய ரேடியோக்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது பொழுதுபோக்கு, என் வீட்டுக்காரருக்குத் தலைவலி. சாப்பாட்டு மேசையில் பாதியை நான் பிடித்துக்கொண்டதில் அவருக்குத் தீராத மனக்குறை.

“தாயி, இது எனக்கில்ல. வீட்டுல இருக்கவளுக்கு” என்றார் பெரியவர். “அவளுக்குக் காது போயி மூணு வருசமாச்சு. தன் பேச்சே தனக்குக் கேக்கலன்னு பேசுறதையும் விட்டுட்டா. என்ன கேட்டாலும் தலையத்தான் ஆட்டுறா. போன வாரம் பரண்ல இதப் பாத்துட்டுச் சிரிச்சா. இது ஓடுனா ஒரு வார்த்தை பேசுவாளோன்னு ஒரு நப்பாசை.”

கேட்காத காதுக்கு ரேடியோ எதற்கு என்று நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

பிரித்துப் பார்த்தால் கோளாறு நான் நினைத்த இடத்திலேயே இருந்தது. அந்தக் கால வால்வு ரேடியோவுக்கு இருநூறு வோல்ட்டுக்குக் குறையாமல் வேண்டும்; பேட்டரி தருவதோ ஆறு. அதை உயர்த்த டிரான்ஸ்பார்மர் உண்டு. ஆனால் பேட்டரி மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்தால்தான் டிரான்ஸ்பார்மர் வேலை செய்யும். அப்படி விட்டுவிட்டுக் கொடுப்பதற்கென்றே வைப்ரேட்டர் என்று ஓர் அலுமினிய டப்பா. காபி டம்ளர் உயரம்தான் இருக்கும். உள்ளே ஒரு மெல்லிய இரும்பு நாக்கு, நொடிக்கு நூறு தடவைக்கு மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொள்ளும். இதில் அந்த நாக்கு அசையவே இல்லை.

“வைப்ரேட்டரா? செல்போன்ல இருக்குமே, அதா?” என்றார் வீட்டுக்காரர்.

டப்பாவை அறுத்துச் சரிசெய்வது பொறுமைக்காரர்களின் வேலை. எனக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். அதனால் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் இரண்டு டிரான்சிஸ்டர் வைத்து ஒரு சின்ன போர்டு கட்டினேன். அசையும் உறுப்பு எதுவும் கிடையாது. இரைச்சல் இல்லை, தேய்மானம் இல்லை. மத்திய அலையில் மலையாளச் செய்தி கணீரென்று வந்தது. நானே என் முதுகைத் தட்டிக்கொள்ளாத குறை.

மறுநாள் பெரியவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மா யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து ரேடியோவின் தலைமேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, ‘இல்லை’ என்று தலையசைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “கேக்காதுன்னு தெரிஞ்சுதானய்யா கொண்டு வந்தீக? இவ்வளவு சுத்தமாப் பாடுது, இதுக்கு மேல நான் என்ன செய்ய?”

“பாட்டுக்கு இல்ல தாயி” என்றார் அவர், குரலை உயர்த்தாமல். “முந்தியெல்லாம் இது ஓடுனா மேல வச்ச தம்ளரு நடுங்கும். அடுப்படியில இருந்து வர்றவ, இப்படித்தான் கைய வச்சுப் பாப்பா. எனக்கு அதச் சொல்லத் தெரியல.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் சொல்லத் தெரியாமல் விட்டதை, எல்லாம் தெரிந்த நான் கேட்டே பார்க்கவில்லை. “ரெண்டு நாள் குடுங்கய்யா” என்றேன்.

பழைய டப்பாவைத் தேடினால், வீட்டுக்காரர் அதைச் செய்தித்தாள் பறக்காமலிருக்க மேலே வைத்திருந்தார். விளிம்பைச் சின்ன ரம்பத்தால் சுற்றிலும் அறுத்துத் திறந்தேன். உள்ளே மெத்தையாக வைத்திருந்த ரப்பர் உருகி, தார் போல ஒட்டிக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்தேன். நாக்கு மோதும் முனைகள் கறுத்திருந்தன. மெல்லிய உப்புத்தாளை நாடாவாக வெட்டி முனைகளுக்கு நடுவே விட்டு, இழுத்து இழுத்துத் துடைத்தேன். பக்கத்திலிருந்த பழைய கன்டென்சரையும் மாற்றினேன். அது கெட்டிருந்தால் முனைகள் மறுபடி கருகிவிடும். மின்சாரம் அளவு மீறாமலிருக்க, பேட்டரியோடு ஒரு பல்பைச் சேர்த்து இணைத்தேன். நாக்கு அசையவில்லை. ஸ்குரூ டிரைவர் பிடியால் லேசாக ஒரு தட்டுத் தட்டியதும், வண்டு போல ரீங்கரித்துக் கிளம்பியது.

இனி மெத்தை வைக்கவேண்டும். அதிர்வு வெளியே தெரியாமல் கட்டுவதுதான் இந்த வேலையில் கெட்டிக்காரத்தனம். நான் நுரைப்பஞ்சை விரல் தடிமனுக்கு வெட்டினேன். பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, காகிதம் போல் ஒரு சுற்று மட்டும் வைத்து மூடி, என் போர்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டினேன். ஒரு கருவியை வேண்டுமென்றே நடுங்க விட்டது அன்றைக்குத்தான்.

அவர்கள் வந்ததும் பெரியவர் சுவிட்சைத் திருகினார். ரேடியோ உறுமியது. பின்னணியில் அந்த இரைச்சலோடுதான் பாட்டு வந்தது. அந்த அம்மா எழுந்து வந்து கையை வைத்தார். விரல்கள் ஒரு கணம் விலகி, மறுபடி அழுந்தின. பெரியவர் ரேடியோவைப் பார்க்கவே இல்லை. மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

“இன்னும் எம்புட்டு நேரம் கேப்பீக?” அந்த அம்மாவின் கரகரத்த குரல், தேவைக்கு மேல் சத்தமாக. என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து ஓடிவந்துவிட்டார். அந்த அம்மா நிறுத்தவில்லை. “பேட்டரி இறங்கிப் போகும். நாளைக்கு யாரு கம்பத்துக்குத் தூக்கிட்டுப் போயி சார்ஜ் போடுறது? அமத்துங்க!”

பெரியவரின் கை தோட்டத்துக் காலத்துப் பழக்கத்தில் சுவிட்ச் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது.

“சொல்றது காதுல விழலையா?” என்று அந்த அம்மா மறுபடி அதட்டினார். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுவிட்சைத் தொடாமல், மூன்றாவது அதட்டலுக்காகக் காத்து நின்றார்.