பின் டயருக்கு எவ்வளவு காற்று

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் வாசலில் சைக்கிளைச் சாய்த்து வைத்துக் காற்றடித்துக்கொண்டிருந்தான். பம்பிலேயே மீட்டர் வைத்திருக்கிறார்கள் இப்போது. முள் ஓரிடத்துக்கு வந்ததும் நிறுத்தினான். பிறகு வால்வை அமுக்கிக் கொஞ்சம் காற்றை வெளியே விட்டான். புஸ்ஸென்று ஒரு ரப்பர் வாசனை வந்தது. மூச்சு வாங்க அடித்த காற்றை எதற்கடா விடுகிறாய் என்று கேட்டேன்.

“கல்லு மாதிரி இருந்தா தூக்கித் தூக்கிப் போடும்ப்பா. தார் ரோட்டுக்கு வேகம் வரும், சரி. மண் ரோட்டுல கொஞ்சம் கொறச்சி வச்சாத்தான் ஓட்டச் சொகமா இருக்கும்.”

இந்தச் சின்ன விஷயம் எனக்கு விளங்க ஒரு கல்யாணமும் ஓர் ஆடி மாதமும் தேவைப்பட்டன.

அப்போது நான் பசுவந்தனைக்கு மேற்கே எங்கள் கிராமத்திலிருந்து கோவில்பட்டிக்குச் சைக்கிளில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். தீப்பெட்டித் தொழிற்சாலையில் குமாஸ்தா. எங்கள் பக்கம் அதைத் தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் என் அம்மா முதல் பாதியை முழுங்கிவிட்டு, “ஆபீஸ்ல இருக்கான்” என்று மட்டும் சொன்னாள். புதியம்புத்தூர்ப் பெண். பெயர் ராமலட்சுமி. அண்ணன் வைத்திருந்த தையல் யூனிட்டில் சின்னப் பிள்ளைகளுக்குக் கவுன் தைத்துக்கொண்டிருந்தவள். கல்யாணத்தோடு அது நின்றது. “நம்ம வீட்டுப் பொம்பளைக மிஷின் மிதிச்சிப் பொழைக்கணும்னு தலையெழுத்து இல்ல” என்று அம்மா சொல்லிவிட்டாள்.

எங்கள் வீடு சின்னது, ஆட்கள் அதிகம். பெரியவர்கள் முன்னால் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வது அன்றைக்கு மரியாதைக் குறைவு. ஆக, நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தது சைக்கிளில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டிக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போவேன். முதல் தடவை அவளைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு போகும்போது, டீக்கடை அண்ணாச்சி கிளாஸைக் கழுவிக்கொண்டே சத்தம் போட்டார்.

“ஏலே மாப்ள, பின் டயரு சப்பிப் போச்சே! பொண்ணு வீட்டுல நல்லாச் சோறு போட்டுத்தான் அனுப்பிருக்காவ!”

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ராமலட்சுமியோ முருங்கைக்காய் மாதிரி இருப்பாள். எனக்கு மானம் போய்விட்டது. அடுத்த ஞாயிறு இடுப்பு கழன்று விழும் அளவுக்குக் காற்றடித்தேன். கட்டை விரலால் அமுக்கினால் விரல்தான் வலித்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள், டயர் அசையவில்லை. அண்ணாச்சியும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்!

தார் ரோட்டில் சைக்கிள் பறக்கும், அதில் குறையில்லை. ஆனால் தார் ரோட்டுக்கு வந்து சேரும்வரை கரிசல் பாதை. மழையில் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் அதே மண், காய்ந்துவிட்டால் மாட்டுவண்டித் தடம் அப்படியே செங்கல்லாக இறுகிக் கிடக்கும். இரும்பாய் அடித்த டயர் அதில் குதித்துக் குதித்துப் போகும். எனக்காவது சீட்டில் ஸ்பிரிங் உண்டு. அவளுக்குக் கேரியர் கம்பிதான். ஒரு கையால் கம்பியையும் மறு கையால் ஸ்பிரிங்கையும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வருவாள். நான் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். அம்மா பக்கத்து வீடுகளில், “வாயில்லாப் பூச்சி, நமக்கு ஏத்த புள்ள” என்று பெருமைப்பட்டாள். நானும் சேர்ந்து பெருமைப்பட்டேன்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டிலிருந்து வந்து அழைத்துப் போக வேண்டும். அவள் அண்ணனுக்குத் தீபாவளி ஆர்டர் நெருக்கடி. பசுவந்தனையில் பஸ் ஏற்றிவிட்டால் போதும், அங்கே இறக்கிக்கொள்கிறேன் என்று ஆள் விட்டிருந்தார். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அன்று காற்று முதுகைத் தள்ளியது. ஆனாலும் ஊரைத் தாண்டியதும் சைக்கிள் இழுத்தது. மெத்தென்று, பாரவண்டி மாதிரி ஊர்ந்தது.

“வால்டியூப் இத்துப் போச்சு போல. நேத்துதான அடிச்சேன்” என்று திட்டிக்கொண்டே இறங்கிப் பார்க்கப் போனேன்.

“பாக்க வேண்டாம். நாந்தான் காத்த எறக்கி விட்டேன்” என்றாள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. “எதுக்கு?” என்றேன்.

“நீங்க ஓட்டுத ஓட்டத்துல வாயத் தொறந்தா நாக்கக் கடிச்சிருவேன். இன்னைக்கு ஒண்ணு சொல்லணும். ஏறி மிதிங்க. மூஞ்சியப் பாத்து எனக்குச் சொல்ல வராது.”

ஏறி மிதித்தேன்.

“ஆடி முடிஞ்சி கூப்பிட வராதீங்க. நான் வரமாட்டேன்.”

கால் பெடலில் இருந்தது, உயிர் எங்கேயோ போய்விட்டது. அவள் நிறுத்தவில்லை. “உங்க வீட்டுல எனக்கு என்ன வேணும்னு ஒருத்தர் கேக்கல. நீங்களும் கேக்கல. அத்த என்னய வாயில்லாப் பூச்சிங்காவ. எங்க வீட்டுல வந்து கேளுங்க, என் வாயத்தான் மூட முடியாதும்பாவ. கையி சும்மா கெடந்தா எனக்குக் கிறுக்குப் பிடிக்குது. நான் தைக்கணும். அண்ணங்கிட்டச் சொன்னா உங்க வீட்டுக்குச் சண்டைக்கு வருவான். அதான் உங்ககிட்ட மொதல்லயே சொல்லுதேன்.”

இரண்டு பக்கமும் உழுது போட்ட வெறும் கரிசல். தூரத்தில் ஒரு ஆட்டுக்கிடை. பயந்துவிட்டேன், அதுதான் உண்மை. பசுவந்தனை வரவே கூடாது என்றிருந்தது. காற்றுப் போதாத சக்கரத்தில் அவ்வப்போது ரிம் கல்லில் மோதி டங் என்றது. இன்னும் மெதுவாக மிதித்தேன். வேறென்ன பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

“மொதல்ல இந்தக் காத்தடிக்குத கூத்து. அந்த டீக்கட அண்ணாச்சிக்காக என் இடுப்பு ஒடியணுமா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் அவளும் சிரித்தாள். அவள் சிரிப்பை அன்றுதான் முதலில் கேட்டேன்.

பஸ் வந்து நின்றது. “வீட்டுல மிஷின் போட்டா வருவியா?” என்று கேட்டேன். அவள் ஏறிப் போனாள். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக, “கூப்பிட வந்து பாருங்க” என்றாள்.

அந்த ஆடி எனக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். மிஷின் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். ஆவணி பிறந்ததும் புதியம்புத்தூர் போனேன். அவள் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் இருந்தாள். மிஷின் அவள் அண்ணன் வேனில் பின்னால் வந்தது.

அதன் பிறகு பின் டயர் அவள் இலாகா. ஞாயிற்றுக்கிழமை அவளோடு கோவில்பட்டிக்குக் கிளம்பும்போது டயரை அமுக்கிப் பார்ப்பேன். கெட்டியாக இருந்தால் சேதி ஒன்றுமில்லை, வேகமாகப் போகலாம். கொஞ்சம் இளகியிருந்தால் அம்மணி மனதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், நிதானமாக மிதிப்பேன். பிள்ளை உண்டானது, தனிக்குடித்தனம் போக வேண்டும் என்பது, என் மேல் இருந்த கோபம், எல்லாம் என் முதுகிடம்தான் சொன்னாள். டீக்கடையில் எனக்குச் சப்ப டயர் என்று பெயரே வைத்துவிட்டார்கள். வைத்தால் வைக்கட்டுமே!

கோவில்பட்டியில் வீடு கட்டி வந்தோம். மொபெட் வந்தது, பிறகு கார். போன வெள்ளிக்கிழமை பசுவந்தனைக் கோயிலுக்குப் போனோம். கரிசல் பாதை இருந்த இடத்தில் நல்ல தார் ரோடு. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டால் குலுக்கலும் இல்லை, சத்தமும் இல்லை. ராமலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். என்ன யோசனை என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல” என்றாள்.

அதற்குள் கோயில் வந்துவிட்டது. அவள் இறங்கி முன்னால் நடந்தாள். அந்த ஆடியில் இருந்தது போல இப்போது அவள் மனதில் ஒரு முடிவு இருந்தாலும், எனக்குத் தெரிய வழியே இல்லை.