கடலுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

கணவர் மஞ்சள் காமாலையில் இறந்தது ஆனி மாதம். மறு பங்குனி பிறப்பதற்குள் நான் கடலில் படகு ஏறி ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்ல இன்றைக்கும் எனக்கு நாக்கு கூசுகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவர் போனபின் வாரிசு என்று எனக்கு அங்கேயே ஒரு வேலை கொடுத்தார்கள். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து தொழிலாளிகளுக்குக் கையுறையும் சோப்பும் எடுத்துக் கொடுக்கும் வேலை. அதனால் வீடு கைவிட்டுப் போகவில்லை. காரியத்துக்குக் கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்த என் மாமனார் திரும்பிப் போகவில்லை. மாமியார் எப்போதோ போய்விட்டார். நிலத்தை மூத்த மகன் பார்த்துக்கொண்டார். "நீ வேலைக்குப் போயிட்டா பிள்ளைய யாரு பாக்கது?" என்று மாமனார் ஒரு தடவை கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பையை ஆணியில் மாட்டிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. ஒன்றாம் வகுப்புப் படித்த என் மகளைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டு அழைத்து வருவார். குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்துப் பிடித்து வைப்பார். நான் வேலை முடிந்து வரும்போது ரசம் கொதித்துக்கொண்டிருக்கும். என்னிடம் அதிகம் பேசமாட்டார். காலையில் மகன் படத்துக்கு முன் விளக்கேற்றிவிட்டு நிற்பார். அவர் நிற்கும்வரை நானும் அடுப்படியில் வேலையை நிறுத்திவிட்டு நிற்பேன். மகனுக்காக ஒரு வருஷம் கவிச்சி வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார். எனக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் தொடாததை நான் எப்படித் தொடுவது?

வேலையில் என் பக்கத்து நாற்காலி ஓர் அக்காவுடையது. பட்டாபிராம்காரி. பிறந்ததிலிருந்து அந்தப் பக்கத்தைத் தாண்டாதவள். சத்தமாகப் பேசுவாள், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பாள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எல்லோரும் பாவமாகப் பார்த்துவிட்டுப் போனபோது, "இன்னாம்மா, துன்னியா?" என்று கேட்டு டப்பாவை என் பக்கம் தள்ளியவள் அவள்.

அந்த மாசி மாதம் எங்கள் தொழிற்சாலை மனமகிழ் மன்றத்தில் ஒரு படகுப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். துறைமுகத்துப் பக்கம் யாரோ ஒருவர் புதிதாகச் சுற்றுலாப் படகு விட ஆரம்பித்திருந்தார். கடற்கரையை ஒட்டியே தெற்கே போய், கலங்கரை விளக்கத்தையும் தாண்டி, அடையாறு முகத்துவாரம் பார்த்துவிட்டுத் திரும்பும். பெண்களும் போகலாம், குடும்பத்தையும் கூட்டி வரலாம்.

"வர்றியா?" என்றாள் அக்கா.

"எங்க மாமா இருக்காரு. வருஷம்கூட முடியலக்கா."

"கேட்டுப் பாரேன்."

கேட்கவில்லை. கேட்டால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கவும் இல்லை. அந்த வெள்ளை வேட்டியையும் நெற்றி விபூதியையும் பார்த்துக்கொண்டு, 'கடலில் உல்லாசமாகப் போய்வருகிறேன்' என்று எந்த வாயால் சொல்வது என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றியது. அக்காவிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவே இல்லை.

"நைனா, நாளிக்கு ஸ்டோர்ஸ்ல சரக்கு எண்ற வேலை கீது. ஞாயித்துக்கெய்மையா இருந்தாலும் வந்தே ஆவணும்னு ஆபீசர் சொல்லிட்டாரு. உங்க மருமவள நான் இட்டுகினு போயி இட்டாந்து உட்டுர்றேன். சோறு நான் கொண்டாறேன், நீங்க ஒண்ணும் கட்ட வாணாம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். மாமனாரும் என்னைப் பார்த்தார்.

"அப்படியா தாயி?"

நான் தலையை ஆட்டினேன். பொய்யைச் சொன்னவள் அவள்தானே, நான் வாய் திறக்கவில்லையே என்று அன்று படுக்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மகளையும் கூட்டிப் போகலாமே என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டது உண்மை. ஆனால் அவள் வந்தால் திரும்பியதும் தாத்தாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவாள். அதற்காகவே அவளை விட்டுவிட்டுப் போனேன். காலையில் நான் கிளம்பும்போது அவள் தாத்தாவின் மடியில் தலை வாரிக்கொண்டிருந்தாள். "லீவு நாள்லயும் ஆபீசாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

சென்ட்ரல் வரை ரயில், அங்கிருந்து பஸ். படகு பெரியதுதான். மேலே கூரை, இரண்டு பக்கமும் பெஞ்சு. டீசல் நெடி. எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை கொடுத்தார்கள். துறைமுகத்தின் கற்சுவரைத் தாண்டியதும் படகு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. பெண்களெல்லாம் வீலென்று கத்தினோம். நானும் கத்தினேன். என் குரல் அவ்வளவு உரக்க வெளியே வந்து மாதக்கணக்காகியிருந்தது.

அப்புறம் கடல் அடங்கிவிட்டது. படகு அவசரமில்லாமல் கரையைப் பார்த்துக்கொண்டே போனது. எனக்கு அதுவரை மெட்ராஸ் என்றால் மின்சார ரயிலின் ஜன்னலில் வருவதுதான். அம்பத்தூர் எஸ்டேட் புகை, வில்லிவாக்கம், பேசின் பாலம், சாக்கடை நாற்றம், நெரிசல். கடலிலிருந்து பார்த்தால் அது வேறு ஊர். கோட்டையின் கொடிமரம், பல்கலைக்கழகத்துக் கும்மட்டங்கள், அகலமாக மணல். கடற்கரைச் சாலையில் பஸ்கள் தீப்பெட்டி போல் ஊர்ந்தன. ஒரு சத்தமும் கேட்கவில்லை. அத்தனை பெரிய ஊர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

படகுக்காரரிடம், "ஆவடி எந்தப் பக்கம்ணே?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டு, கட்டடங்களுக்குப் பின்னால் கையைக் காட்டினார். "அத்தோ, அங்க. இங்கிருந்து தெரியாதும்மா."

அங்கே வெறும் வெயில் மூட்டம்தான் இருந்தது. அந்த மூட்டத்துக்குள்ளிருந்து யாராலும் என்னைப் பார்க்க முடியாது என்று தோன்றியதும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அக்கா தன் மகனுடைய கூலிங் கிளாஸைக் கொண்டு வந்திருந்தாள். என் மூக்கில் மாட்டிவிட்டாள். "பாருங்கடி, சினிமாக்காரி!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் அதைக் கழற்றவில்லை. தலைமுடி காற்றில் பிரிந்து பறந்தது. அதையும் அள்ளி முடிந்துகொள்ளவில்லை.

கலங்கரை விளக்கம் தாண்டியதும் சாப்பாட்டைப் பிரித்தார்கள். அக்கா கொண்டு வந்தது எலுமிச்சைச் சாதமும் வறுத்த வஞ்சிரமும். என் முன்னால் ஒரு துண்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: "துன்னு. கடல்ல வந்து மீன் துன்னலன்னா சாமி குத்தம்."

தின்றேன். ஒரு துண்டோடு நிறுத்தவில்லை. விரலில் ஒட்டிய மசாலாவைக்கூட நக்கினேன். அவ்வளவு ருசியாக நான் எதையும் தின்றதில்லை. யாரோ டேப்பில் பாட்டுப் போட்டார்கள். சாந்தோம் தேவாலயத்தின் கோபுரம் மரங்களுக்கு மேலே வெள்ளையாக ஏறி வந்தது. முகத்துவாரத்தில் நாரைகள் நின்றன. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வரும்போது படகில் பாதிப்பேர் தூங்கினார்கள். ஒரு பெண் தன் கணவரின் தோளில் சாய்ந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. துறைமுகத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து என் கணவரின் நினைவு எனக்கு ஒரு தரம்கூட வரவில்லை. அவர் இறந்த நாளிலிருந்து அப்படி ஒரு பொழுது போனதில்லை. தூக்கத்தில்கூட இருந்தவர் அந்தப் படகில் இல்லை. கண்ணாடியைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தேன். கையைக் கடல் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன். மீன் வாடை போகவில்லை.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைக்கும் நேரம். மாமனார் வாசலில் நின்றிருந்தார். அவர் கேட்பதற்கு முன்னால் நானே, "வேலை கொஞ்சம் ஜாஸ்தி மாமா" என்றேன். அன்றைக்கு நான் சொந்தமாகச் சொன்ன முதல் பொய்.

மகள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "அம்மா, நாங்க உன்னப் பாக்க ஃபேக்டரிக்கு வந்தோமே! தாத்தா தயிர்சாதம் பண்ணி எடுத்துட்டு வந்தாரு. நீ வெளிச் சோறு தின்னா வயிறு வலிக்கும்னு. கேட்ல இருந்த அங்கிள், இன்னிக்கு ஸ்டோர்ஸே கெடையாது, எல்லாம் பூட்டியிருக்குன்னு சொல்லிட்டாரு."

வெயிலில் கறுத்துப் போன என் முகத்தையும் உப்புக் காற்றில் சிக்குப் பிடித்த முடியையும் மாமனார் ஒரு தடவை பார்த்தார். பிறகு பேத்தியிடம் குனிந்தார்.

"அந்த ஆளு புதுசு ஆத்தா. அவருக்கு ஒண்ணும் தெரியல. உள்ள வேலை நடந்துக்கிட்டுதான் இருந்திருக்கும்" என்றார்.

குழந்தை நம்பிவிட்டாள். நான் குளிக்கப் போய், பிடித்து வைத்த தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே அழுதேன்.

அவர் கேட்பார், கேட்பார் என்று அந்த வாரம் முழுக்கக் காத்திருந்தேன். கேட்கவில்லை. ரசம் வைத்தார், தண்ணீர் பிடித்தார். ஒன்று மட்டும் மாறியது. வெளியே போய்விட்டு வந்தால் வாசலிலேயே நின்று இருமுவார். உள்ளேயிருந்து நான் குரல் கொடுத்த பிறகுதான் நடையைத் தாண்டுவார். அந்நியர் வீட்டுக்கு வருகிறவர் மாதிரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் விளையாடப் போயிருந்தாள். மாமனார் துவைத்த வேட்டிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமல், மடிக்கிற வேட்டியையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"தாயி, ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிராத. ஒனக்கு வயசு கெடக்கு. யாராச்சும் நல்லவனா, பிள்ளையையும் பாத்துக்கிடுறவனா இருந்தா எங்கிட்டச் சொல்லு. நானே வந்து பேசுதேன். ஊர்ல எவன் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன். நான் இங்க இருக்கது ஒனக்குத் தடைன்னா, அதுக்காக நீ ஒளிஞ்சு போகண்டாம். நான் ஊருக்குப் போயிருதேன்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அய்யோ, இல்ல மாமா. படகுல போனேன். கடல்ல. ஃபேக்டரிலருந்து எல்லாரும் போனாங்க. வேற ஒண்ணுமே இல்ல."

"படகுலயா?"

"ஆமா மாமா."

"எதுக்கு?"

"சும்மா. சுத்திப் பாக்க."

அவர் கை நின்றது. கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதுக்கா தாயி பொய்யி? நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

மடித்த வேட்டியைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

"எங்கிட்ட ஒளிச்சுட்டுப் போற அளவுக்கா நான் ஒன்னைய இறுக்கிப் பிடிச்சுவச்சிருக்கேன்?"

இல்லை மாமா என்று சொல்லியிருக்க வேண்டும். அது உண்மையும்கூட. ஆனால் அந்த நேரத்தில் என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அந்த ஒரு வாரத்தில் அவர் மனசுக்குள் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்று நினைத்துப் பார்த்தேன். பெற்ற மகன் போய் ஒரு வருஷம் ஆகாத வீட்டில், அவன் மனைவியை இன்னொருவனுக்குக் கட்டிக்கொடுக்கத் தன்னைத் தயார் செய்துகொண்டு, அதைச் சொல்லவும் செய்தார். நானோ ஒரு படகுக்காக அவரிடம் வாய் திறக்கவில்லை. மீன் தின்றதை அப்போதும் சொல்லவில்லை.

பையை அன்று அவர் ஆணியிலேயே மாட்டினார். ஆனால் வருஷத் திவசம் முடிந்த வாரம், நிலத்தில் வேலை இருக்கிறது, மூத்தவனால் தனியாக முடியவில்லை என்று கிளம்பினார். ஆனி மாதம் மழைக்குக் காத்துக் காய்ந்து கிடக்கிற கரிசல் காட்டில் என்ன வேலை நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? நானும் அந்த மண்ணில் பிறந்தவள்தான். மகளைப் பள்ளி விட்டதும் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் அவரே பேசி வைத்திருந்தார்.

எழும்பூர் ஸ்டேஷனில் வண்டி கிளம்பும்வரை ஜன்னலோரம் நின்றேன். போகாதீங்க மாமா என்ற சொல் தொண்டை வரை வந்தது. "குடிக்கத் தண்ணி வாங்கட்டுமா?" என்று கேட்டேன்.

"இருக்கு தாயி. பிள்ளை பத்திரம்" என்றார்.

வண்டி போனபின் நான் அழுதேன். ஆனால் அதோடு முடித்தால் இதுவும் ஒரு பொய்யாகிவிடும். மறு வாரம் விடுமுறையன்று நானும் மகளும் வெயில் உள்ளே வரும்வரை தூங்கினோம். எழுந்து, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தேன். முட்டை வாங்கி வந்து பொரித்தேன். வீடு முழுக்க வாசம் பரவியபோது எனக்குள் ஒரு சின்ன நிம்மதி வந்தது. படகையும் மீனையும் அந்தத் தலையாட்டலையும் என்றைக்கோ நான் மன்னித்துக்கொண்டுவிட்டேன். அந்த நிம்மதியைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அவர் அதற்குப்பின் வருஷம் தவறாமல் பொங்கலுக்கு வந்தார். கரும்பும் பனங்கிழங்கும் சுமந்துகொண்டு வருவார். வந்தால் ஓரிரு நாள்தான். அந்த வீட்டின் ஒவ்வொரு பாத்திரமும் எங்கே இருக்கிறது என்று அறிந்தவர், பானையில் தண்ணீர் மொள்ளக்கூட, "எடுத்துக்கிடட்டுமா தாயி?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திறப்பார்.