ஹார்ட்வெல் மேட்டுக்கு எந்த கார்

டோரீன் திபோ, அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநில மலையூர்களில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ். இருபத்திரண்டு வருடங்களில் மூன்று கார்களை, பனி உருகச் சாலையில் தூவும் உப்பு அரித்துவிட்டது. மூன்றாவது கார் நவம்பர் மாத வாகனத் தகுதிச் சோதனையில் தேறவில்லை.

பழைய கார் விற்பவரிடம் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்றில் முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். மற்றதில் நான்கும் இழுக்கும். அதற்கு விலையும் கூடுதல், பெட்ரோலும் கூடுதல்.

டோரீனுக்கு இரண்டாவதுதான் வேண்டும். போன பிப்ரவரியில் ஹார்ட்வெல் மேட்டில் அவள் கார் பாதியில் வழுக்கிப் பின்னால் வந்துவிட்டது. மேலே வெண்டல் கிராஃப்ட் என்ற கிழவர், கால் புண்ணுக்குக் கட்டு மாற்றக் காத்திருந்தார். அவள் வீடு திரும்பிவிட்டாள். மறுநாள் போனபோது கட்டு ஊறி நாறியது. அவர் காலை நீட்டி, வந்ததற்கு நன்றி சொன்னார். அதுதான் அவளை உறுத்தியது.

கணவன் ஆர்மாண்ட் ஊர்ச் சாலைகளில் விழும் பனியைத் தள்ளி ஒதுக்கும் லாரி ஓட்டுபவன்.

"பள்ளத்துல கிடக்கிற வண்டில பாதி அந்த நாலு சக்கரமும் இழுக்கிற ராசாங்கதான். ஏறத் தெரியும், நிக்கத் தெரியாது."

"எனக்கு ஏறினா போதும்."

"பனியைக் கவ்வுற நல்ல பனி டயர் போட்டா முன்சக்கரமே ஏறும்டி."

"ஏறலைன்னா? நீ போய் அவருக்குக் கட்டுப் போடுவியா?"

"நான் போட்டா இருக்கிற காலும் போயிரும்."

டிசம்பரில் முதல் பெரும்பனி விழுந்த அன்று, நாலு சக்கரமும் இழுக்கும் காரை ஒரு நாள் ஓட்டிப் பார்க்க இரவல் வாங்கினாள். சாதா டயர்தான். மேட்டில் குதிரை போல ஏறியது. வெண்டலுக்குக் கட்டு மாற்றிவிட்டு உற்சாகமாக இறங்கினாள். கீழ் வளைவில் பிரேக்கை மிதித்தாள். கார் கேட்கவில்லை. மெதுவாக, நிதானமாக, ஓரப் பனிக்குவியலில் போய் மூக்கைப் புதைத்தது. அவளுக்கு அடி இல்லை. போனில் சிக்னலும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு மேலே நடந்தாள். இருபது நிமிடம் ஆனது.

"என்னம்மா, எதையாச்சும் மறந்துட்டியா?" என்றார் வெண்டல்.

"வண்டி மாட்டிக்கிச்சு. உங்க போன் வேணும்."

"வளைவுலேருந்து நடந்தா வந்தே?" காபியை ஊற்றியபடி சொன்னார்: "பரவால்லயே. நடந்தும் வரலாம் போல."

அவர் குத்திக்காட்டவில்லை. ஆனால் அவளால் கோப்பையை எடுக்க முடியவில்லை. போன பிப்ரவரியிலும் இதே மேடு, இதே கால்கள். அன்று நடக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆர்மாண்ட் லாரியோடு வந்து காரை இழுத்தான். அவன் கேலி செய்யவில்லை.

"பனி டயர் போட்டா இதுவும் நிக்கும்ல?" என்று கேட்டாள்.

"ரெண்டும் நிக்கும். ஏறுறதுல இதுதான் கெட்டி. மறைக்க மாட்டேன்."

"அந்தக் கெட்டி வருஷத்துல எத்தனை நாள் வேணும்?"

"நான் பனி தள்ளுறதுக்கு முன்னாடி நீ கிளம்புற நாள்ல மட்டும். நாலோ அஞ்சோ."

ஒரு வாரம் யோசித்தாள். முன்சக்கர காரை வாங்கி, நாலு பனி டயர் போட்டாள். நடந்து ஏறும் நாளுக்கென்று, வழுக்காமல் இருக்க பூட்ஸில் மாட்டும் முள்தகடுகளும் வாங்கினாள்.

அந்தக் குளிர்காலத்தில் மூன்று நாள் கார் ஏறவில்லை. அடிவாரத்தில் நிறுத்திவிட்டு நடந்தாள். மூன்றாம் நாள் காற்று முகத்தை அறுத்தது. பாதியில் நின்று, மற்ற காரையே வாங்கியிருக்கலாமோ என்று நினைத்தாள். மூச்சிரைப்பு அடங்கியதும் மேலே போனாள்.

ஏப்ரலில் வெண்டலின் புண் ஆறியது. அதன்பின் அந்த மேட்டில் அவளுக்கு வேலை இல்லை.