தானாக நகர்ந்த அம்புக்குறி

சரக்கு கப்பலேறும் முன் அதன் காகிதம் ஏறிவிட வேண்டும். எங்கள் தொழில் அவ்வளவுதான். தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிப்பவள் நான். முழங்கால் மாடிப்படிக்கு மறுத்துவிட்டதால், சில வருஷமாக வீட்டிலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்து வேலை பார்க்கிறேன். தூரத்துக் கம்ப்யூட்டரை இயக்கும் அந்த மென்பொருளோடு நீங்களும் மல்லுக்கட்டுகிறவரானால், என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

எல்லாருக்கும் ஒரே சாவி

சுங்கத்துக்குப் போகும் ஒவ்வொரு காகிதத்துக்கும் எங்கள் முதலாளி அண்ணாச்சியின் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அது விரல் நீள டோக்கன் ஒன்றில் இருக்கிறது. ஆளாளுக்கு அதைத் தேடி அலையவேண்டாம் என்று, ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரில் செருகியபடியே விட்டிருந்தோம். நாங்கள் ஐந்து பேரும் அவரவர் இடத்திலிருந்து அதற்குள் நுழைந்து கையெழுத்துப் போட்டுக்கொள்வோம். ஐவருக்கும் ஒரே பயனர் பெயர். கடவுச்சொல், அண்ணாச்சி மகளின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். உங்கள் ஆபீஸில் எப்படி என்று நான் கேட்கப்போவதில்லை.

புதுப்பிக்கச் சொல்லி மென்பொருள் தினமும் ஒரு சின்னப் பெட்டியை நீட்டும். ‘பிறகு’ என்ற பொத்தானை அமுக்கிவிட்டு வேலையைப் பார்ப்போம். அது என்னதான் கேட்கிறது என்று ஒருநாள் அறிய ஆசைப்பட்டேன். அண்ணாச்சி சொன்னார்: “ஓடுத வண்டிய எதுக்கு நோண்டுதிய? விடுங்க.”

சாப்பிட்டாச்சா?

ஒரு மதியம் சோற்றைப் பிசைந்தபடி திரையைப் பார்த்தேன். மவுஸின் மேல் என் கை இல்லை. அம்புக்குறி நகர்ந்துகொண்டிருந்தது. அலை ஒதுங்கிய மணலில் நண்டு போவதுபோல, கொஞ்சம் ஓடி, நின்று, பக்கவாட்டில் மறுபடி ஓடியது.

பயம் வரவில்லை. கணவர் போனபிறகு, என் வீட்டில் நான் அசைக்காமல் எதுவும் அசைந்ததில்லை. ஆபீஸில் யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து ‘சாப்பிட்டாச்சா?’ என்று தட்டினேன். அம்பு அப்படியே நின்றது. யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு அசையவே இல்லை. ஆபீஸுக்கு போன் போட்டேன். கூட வேலை பார்க்கும் ஜெபராஜ் சொன்னார்: “நாங்க எல்லாரும் சாப்பாட்டுலல்லா இருக்கோம்! ஒங்க மவுஸுல எறும்பு ஏறியிருக்கும், பாருங்கக்கா.”

யார் அந்த ஆள்?

அன்று மாலை காயல்பட்டினத்து ஹபீபு காக்காவின் கன்டெய்னருக்குக் கையெழுத்துப் போடவேண்டியிருந்தது. அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். உலர்பூச் சரக்கு. கையெழுத்துக்கு முன்னால், அனுப்புகிறவருக்குக் காகிதம் முழுவதையும் போனில் வாசித்துக்காட்டுவது என் வழக்கம். சரக்கை வாங்குகிறவரின் பெயரைப் படித்ததும் காக்கா குறுக்கிட்டார். அப்படி ஒருவரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. காலையில் நான் சரியாக அடித்த பெயரும் முகவரியும் மாறியிருந்தன. அப்படியே போயிருந்தால் அவருடைய பூக்கள் யார் வாசலிலோ இறங்கியிருக்கும்.

திருத்தி அனுப்பினேன், கன்டெய்னர் தப்பியது. நான் தப்பவில்லை. நகர்ந்த அம்பைப் பற்றிச் சொன்னபோது அண்ணாச்சி இரக்கத்தோடு கேட்டுக்கொண்டார்; பெயரைத் தப்பாக அடித்தது நான்தான் என்று முடிவுகட்டியிருந்தார். இந்த வேலையும் போய்விட்டால், நாள் முழுக்க நான் வாய் திறக்கக் காரணமே இருக்காது. அவர் சொன்னது இது: “கண்ணும் பாவம், எத்தன வருசம் ஒழைக்கும்? இந்த மாசத்தோட ஓய்வா இருங்கக்கா.”

திருடனுக்கும் அதே பெயர்

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிசில்லா, தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கும் புதுக்கோட்டையிலிருந்து வருகிறவள். ஒரே ஒருமுறை உள்ளே பார்த்துச் சொல்லு என்று கெஞ்சினேன். யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவேட்டை மென்பொருள் தானே எழுதி வைத்திருந்தது. ஆனால் வரிக்கு வரி ஒரே பெயர். எங்களுக்கும் அதுதான், திருடனுக்கும் அதுதான். அவள் விடவில்லை. நுழைந்த கருவிகளின் எண்களை ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தாள். ஐந்து எங்களுடையவை. ஆறாவது யாருடையதும் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்திருந்தது.

பழைய பதிப்பின் ஓட்டை வழியாக வந்தானா, கடவுச்சொல்லை ஊகித்து வந்தானா என்று கேட்டேன். இரண்டு கதவும் திறந்துதான் கிடந்தன என்றாள். அந்த வெற்றுப் பக்கம் இன்னும் மூடாமல் இருந்தது. அதைப் படித்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்: “திருடனப் போயி சாப்பிட்டாச்சான்னு கேட்டிருக்கியளே அக்கா!”

ஆளுக்கொரு பெயர்

அன்றே மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது. இணையத்திலிருந்து யாரும் நேராக நுழையும் வழியை பிரிசில்லா அடைத்தாள். முதலில் ஆபீஸின் தனி வழிக்குள் வந்தாக வேண்டும். எங்கள் ஐந்து கருவிகளுக்கு மட்டும் அனுமதி. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு நீளமான கடவுச்சொல், அதற்குமேல் கைபேசியில் வரும் எண். சிலமுறை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். டோக்கன் அண்ணாச்சி சட்டைப்பைக்குப் போயிற்று. கையெழுத்துக்கு அவரே எழுந்து வந்து செருகுகிறார், முனகிக்கொண்டு. வாரம் ஒருமுறை பதிவேட்டைப் படிக்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். யார் எப்போது வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்று படிப்பது கடிதம் படிப்பதுபோல் இருக்கிறது.

ஓய்வைப் பற்றி அண்ணாச்சி மறுபடி பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, கேட்கத் தெரியாதவர். என் பெயரில் முதல்முறை உள்ளே நுழைந்த அன்று போனில் வந்தார்: “இனிமே ஒங்க பேர்ல தப்பு வந்தா அது நீங்க செஞ்ச தப்புதான், பாத்துக்கிடுங்க.”

இத்தனை வருஷ உத்தியோகத்தில், என் தப்புக்கு நானே முழு உரிமைக்காரி என்று ஆக்கிவிட ஒரு திருடன் வரவேண்டியிருந்தது.