மனப்பாட எண்

பிரவீனா மலேசியாவின் தங்காக் ஊரில், ஒரு துணிக்கடையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். கடையிலிருந்த முந்நூறு துணி ரோல்களின் எண்ணும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கல்யாணமாகி உலு திராமுக்கு வந்தபின், சர்வர் கம்ப்யூட்டர் தயாரிக்கும் எங்கள் தொழிற்சாலையில் என்னோடு பேக்கிங்கில் சேர்ந்தாள். பரிசோதனைப் பிரிவுக்கு அவள் மனுப் போட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"சர்ட்டிபிகேட் ஒண்ணுமில்ல, ஒனக்கு எதுக்கு லா இந்த வேலை?" என்று கேட்டேன்.

அங்கே ஒரு மாதம் வைத்துப் பார்ப்பார்கள்; சரிவராவிட்டால் மறுபடி பேக்கிங்தான். எப்படியும் திரும்பி வருவாள் என்று அவள் நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

அந்த மாதத்தின் கடைசி நாள் இன்ஜினியர் ஆசிக் பன்னிரண்டு சர்வர்களை அவள்முன் வைத்தார். விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஒரு கறுப்புத் திரை வரும். அதில் கட்டளை தட்டி, நெட்வொர்க் கார்டை இயக்கும் பழைய டிரைவர் புரோகிராமைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். உள்ளேயிருக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் எண் உண்டு; கேட்டால் திரையில் பட்டியலாக வரும். அந்த எண்ணைச் சொல்லித்தான் கழற்ற முடியும்.

பெட்டிகளை மூட நான் பக்கத்திலேயே காத்திருந்தேன். அவள் பட்டியலைப் பார்க்கவேயில்லை. முந்தின நாள் வேறொரு சர்வரில் மனப்பாடம் செய்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். அதன்பின் திரையில் ஓர் எழுத்தும் விழவில்லை.

"அலமாக்! சார், கீபோர்டு செத்துப்போச்சு."

"சாகலக்கா. அதோட டிரைவரைத்தான் நீங்க கழட்டிட்டீங்க. இந்த நம்பரெல்லாம் மெஷினுக்கு மெஷின் மாறும்."

"துணிக்கடையில மாறாதே, சார்," என்றாள். 'அப்பவே சொன்னேனே' என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பாவமாக இருந்ததால் விழுங்கிவிட்டேன்.

"இப்ப என்ன செய்வீங்க?" என்றார் ஆசிக்.

பிரவீனா பவர் பட்டனில் விரலை வைத்தாள். "கழட்டினது எங்கயும் சேவ் ஆகலல்ல? ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பழையபடி வந்துரும்."

வந்தது. இம்முறை பட்டியலை வரவழைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு, கார்டின் பெயரைத் தேடி அதன் எண்ணைப் பிடித்தாள். பழையதைக் கழற்றினாள், புதியதை மாட்டினாள். கார்டில் பச்சை விளக்கு எரிந்தது.

"மீதி பதினொண்ணும் நீங்களே பாத்துக்குங்க. நான் சாப்பிடப் போறேன்," என்று ஆசிக் எழுந்து போனார்.

பதினொன்றிலும் அவள் முதலில் பட்டியலைத்தான் பார்த்தாள். நாலு மணிக்குக் கடைசிப் பெட்டியை மூடி டேப் ஒட்டினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, கொஞ்சம் வயிறும் எரிந்தது. நான் பேக்கிங்குக்குத் திரும்பியபோது, அங்கே புதிதாகச் சேர்ந்த கருப்பாயி நாற்காலி இல்லாமல் அன்றும் நின்றுகொண்டே வேலை செய்துகொண்டிருந்தாள். பிரவீனாவின் நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டேன்.