தானாகத் திரும்பிய பீரங்கி

சாட்சி சொல்வதில் புதுப்பட்டினம் சபையில் ஏசுபாதத்தை மிஞ்ச ஆள் கிடையாது. வருஷம் தவறாமல் செப்டம்பர் மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எழுந்து நிற்பார். அவர் பட்டாளத்தில் டாங்கி ஓட்டியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். சொல்லப்போகும் கதையும் தெரியும். இருந்தாலும் அவர் தொண்டையைச் செருமியதும், கைக்குழந்தைக்காரிகள்கூடப் பிள்ளையை மடியில் அமர்த்திக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்வார்கள்.

கடப்பாக்கத்துக் காலனியில், நிலமில்லாத கூலிக்காரர் வீட்டில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போனார். அதுவரை அவர் ஓட்டியிருந்தது அடுத்தவர் மாட்டு வண்டியைத்தான். அவரிடம் ஐம்பது டன் இரும்பைக் கொடுத்து ஓட்டச் சொன்னார்கள். செஞ்சூரியன் என்று பெயர். வெள்ளைக்காரன் ஹிட்லரை அடிக்கவென்று செய்த வண்டி அது. செய்து முடித்து ஜெர்மனிக்குக் கொண்டுபோவதற்குள் சண்டை முடிந்துவிட்டது. பந்தல் பிரித்த பிறகு வந்த மேளம் மாதிரி. அந்தச் சண்டையில் சுடாததையெல்லாம் வேறு வேறு நாடுகளில் சுட்டது. மைலுக்கு இரண்டு கேலன் பெட்ரோல் குடிக்கும். துரைமார் பழக்கத்துக்காக உள்ளேயே டீத்தண்ணி கொதிக்க வைக்க ஒரு பாத்திரம் பொருத்தியிருக்கும். ஏசுபாதத்துக்கு அதன்மேல் ஒரு மையல்.

அறுபத்தைந்தாம் வருஷம் செப்டம்பரில், பாகிஸ்தானோடு வந்த சண்டைக்கு சியால்கோட் பக்கம் போனபோது வண்டிக்குள் நான்கு பேர். மேல்கூண்டில் தலைவராக ஒரு தபேதார். அவருக்கு முன்னால் பீரங்கி சுடும் எல்லப்பன், செங்கல்பட்டுக்காரன். இடப்பக்கம் குண்டு ஏற்றும் உலகநாதன், வேலூர்ப் பக்கம். இவர்களுக்குக் கீழே, முன்பக்கத்துக் குழியில் தனியாக ஏசுபாதம். மற்ற மூவரும் அவரை ‘ஏசு’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஓட்டுநர் ஏறி இறங்கும் வழியின் மூடி அவர் தலைக்கு மேலே இருக்கும். பீரங்கிக் குழல் அந்தப் பக்கம் திரும்பித் தாழ்ந்திருந்தால் மூடி திறக்காது. குழலில் போய் முட்டும். அன்று கரும்புக் காட்டுக்குள் அடி விழுந்தபோது குழல் அப்படித்தான் நின்றிருந்தது. என்ஜின் அணைந்தது. மின்சாரம் போயிற்று. பின்னாலிருந்து பெட்ரோல் எரியும் வாடை வந்தது. ஏசுபாதம் மூடியைத் தள்ளினார். இரண்டு விரற்கடை திறந்து ‘டங்’கென்று நின்றது. தோளால் முட்டினார், தலையால் முட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. உட்புறமாகப் பின்னால் ஊர்ந்து போகவும் வழியில்லை. கர்த்தாவே, கர்த்தாவே என்று கத்தினார்.

“அப்போ, சபையாரே,” என்று அவர் குரலைத் தாழ்த்துவார், “அந்தக் குழலு நகந்துச்சி. அரை அங்குலம், அரை அங்குலமா. கரண்ட்டு இல்ல. மேல கீறவன் ஒருத்தனும் உசுரோட இல்ல. பதினெட்டு அடி இரும்பு, தானா நகந்துச்சி. திருப்புனது யாரு?”

“கர்த்தர்!” என்று சபை முழங்கும்.

மேலே யாரும் உயிரோடில்லை என்பது அவர் கற்பனையல்ல. உலகநாதன் சொன்னது. தீக்காயத்தோடு ஒரு வாய்க்காலில் கிடந்து தூக்கிவரப்பட்டவனை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஏசுபாதம் கேட்டார். “அடி வுழுந்ததுமே தபேதாரும் எல்லப்பனும் போயிட்டாங்க. அடிச்ச வேகத்துல நான் வெளிய வந்து வுழுந்தேன்” என்றான். விசாரித்த அதிகாரியிடமும் அதையே சொன்னான். செத்தவர்கள் பீரங்கியைத் திருப்ப முடியுமா? அப்படித்தான் ஏசுபாதத்துக்கு அந்த நம்பிக்கை வந்தது.

அந்த வருஷமே எல்லப்பனின் பெட்டியை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போய், இடுப்பில் ஆறுமாதப் பிள்ளையோடு நின்ற அவன் மனைவி அமிர்தவல்லியிடம் கொடுத்தார். “ஒரு நொடிகூட வலி தெரிஞ்சிருக்காது தங்கச்சி” என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்தாள். தாலுகா ஆபீசில் வேலை கிடைத்தது. பிள்ளையைப் படிக்க வைத்தாள். கிறிஸ்துமசுக்கு ஏசுபாதம் வீட்டுக் கேக்கு செங்கல்பட்டுக் கொளவாய் ஏரிக்கரைத் தெருவிலிருந்த அவள் வீட்டுக்குப் போகும். தீபாவளிக்கு அங்கிருந்து முறுக்கு வரும்.

எழுபத்தாறில் பட்டாளத்தை விட்டு வந்த ஏசுபாதம், கல்பாக்கத்து ஊழியர்களை ஏற்றிப்போகும் ஒப்பந்த பஸ்ஸை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டினார். ஒரு விபத்து கிடையாது. மனைவி பொன்னி போய்ச் சேர்ந்த பிறகு, நர்சாக இருந்த மகள் ஷாரோனோடு இருந்தார்.

தொண்ணூற்றொன்பதில் கார்கில் சண்டை முடிந்த கையோடு, படூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பழைய டாங்கி ஒன்றை வாசலில் மேடை கட்டி நிறுத்தினார்கள். ஆகஸ்டு பதினைந்தன்று திறப்பு விழா. அறுபத்தைந்துச் சண்டைக்குப் போன பழைய ஆட்களைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஏசுபாதம் போனார். பச்சைச் சாயம் பளபளக்க நின்றது அதே செஞ்சூரியன் ஜாதி. முன் வரிசை நாற்காலியில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் சுருங்கிய தீத்தழும்பைப் பார்த்ததும்தான் ஆள் தெரிந்தது. உலகநாதன்! ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஊருக்கு அனுப்பப்பட்டவரைப் பார்த்து முப்பத்து நான்கு வருஷம். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பேச வாய் திறப்பதற்குள் ஏசுபாதத்தை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவர் தன் சாட்சியைச் சொன்னார். பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். “திருப்புனது யாரு?” என்று அவர் கேட்ட இடத்தில், முன் வரிசையில் நாற்காலி ஒன்று சாய்ந்து விழும் ஓசை கேட்டது. உலகநாதன் எழுந்து போய்க்கொண்டிருந்தார்.

டாங்கிக்குப் பின்னால், நிழலில், தலையில் கை வைத்துக் குந்தியிருந்தார் அவர். மேடையிலிருந்து இறங்கி வந்த ஏசுபாதம் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இன்னா உலகா, ஒடம்புக்கு இன்னா?”

“அண்ணாத்த, அத்த எத்தினி பேருகிட்ட சொல்லிகினு கீற?”

“எத்த?”

“பீரங்கி தானா திரும்புச்சின்னு.”

“தானா இல்லடா. கர்த்தர்...”

“எல்லப்பன் திருப்புனான்.”

ஏசுபாதத்துக்கு அது காதில் விழுந்தது. ஆனால் உள்ளே இறங்கவில்லை. “அவந்தான் செத்துட்டானே” என்றார், ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல.

“தபேதார் போயிட்டாரு, அது நெசம். எல்லப்பன் போவல. எடது கை தொங்கிகினு இருந்திச்சி. காலு ரெண்டும் இரும்புக்குள்ள மாட்டிகிச்சி. கையால சுத்துற சக்கரம் ஒண்ணு கீது இல்ல, அத்தப் புடிச்சிகினு கத்துறான். ‘ஏசு உள்ள கீறான்டா, மூடி தொறக்காது, வந்து புடி, ரெண்டு பேரும் சுத்துனா சுருக்கா திரும்பும்’னு. நான்...”

“நீ?”

“நான் மேல ஏறிட்டேன் அண்ணாத்த. குதிச்சப்புறமும் கேட்டிச்சி. கறக், கறக்னு சக்கரம் சுத்துற சத்தம். ஒத்தக் கையால.”

ஏசுபாதம் எழுந்தார். உலகநாதனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி டாங்கியின் பக்கவாட்டில் சாய்த்தார். அறைய ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. சட்டையை விட்டுவிட்டு, விழாவில் போட்ட மாலையோடு சாலைக்கு வந்து, வந்த பஸ்ஸில் ஏறினார். அது எந்த ஊருக்குப் போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. கடைசியில் மாமல்லபுரத்தில் இறக்கிவிட்டார்கள். கடலைப் பார்த்தபடி மாலைவரை மணலில் கிடந்தார்.

வீட்டுக்கு வந்த அப்பாவின் முகத்தைப் பார்த்து ஷாரோன் நாடி பிடித்தாள். “இன்னாப்பா ஆச்சி?”

“முப்பத்தி நாலு வருசமா ஒருத்தன் கைய மறைச்சி வச்சிட்டேம்மா” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் செங்கல்பட்டுக்குப் போனார். எல்லப்பன் சும்மா சாகவில்லை, தன்னைக் காப்பாற்றிவிட்டுத்தான் செத்தான். இதை அவன் பெண்டாட்டியிடம் சொல்வது பெருமையான காரியம் என்றுதான் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு போனார். அமிர்தவல்லி காப்பி கொண்டுவந்து வைத்தாள். தலை நரைத்து, வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயதில் இருந்தாள். சொல்லி முடித்தார்.

அவள் முகத்தில் பெருமை எதுவும் தெரியவில்லை. உதடு வெளுத்துப்போயிற்று.

“அப்போ உசுரோட இருந்தாரா?”

ஏசுபாதம் விழித்தார்.

“வலி தெரியலன்னு சொன்னீங்களே அண்ணா. எவ்ளோ நேரம்?”

“தங்கச்சி...”

“எவ்ளோ நேரம் இருந்தாரு, அந்த நெருப்புல?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். “அஞ்சாறு நிமிசம் இருக்கும்” என்றார்.

அவள் எழுந்து உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. வெகுநேரம் காத்திருந்துவிட்டு, ஆறிப்போன காப்பியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார். அந்தப் பெண் முப்பத்து நான்கு வருஷமாகச் சாய்ந்திருந்த சுவரைத் தானே இடித்துவிட்டு வந்தது, திருக்கழுக்குன்றம் தாண்டும்போதுதான் அவருக்கு உறைத்தது.

செப்டம்பர் வந்தது. இரண்டாவது ஞாயிறன்று சபையில் எழுந்து நின்றார். “நான் இத்தன வருசம் சொன்னது தப்பு. பீரங்கி தானா திரும்பல. எல்லப்பன்னு ஒருத்தன், பாதி ஒடம்பு செத்துகினு இருக்கச் சொல்ல, ஒத்தக் கையால திருப்புனான்” என்றார்.

சபை திடுக்கிட்டு உட்கார்ந்திருந்தது. போதகர் எழுந்து, “அந்தக் கைக்குப் பெலன் கொடுத்தவரும் கர்த்தர்தானே” என்று இதமாகச் சொன்னார்.

“இருக்கட்டும் ஐயா. ஆனா அவன் பேர நான் ஒரு தபாகூடச் சொல்லலியே” என்று ஏசுபாதம் உட்கார்ந்துவிட்டார்.

அக்டோபரில் ஒரு கார்டு வந்தது. அமிர்தவல்லியின் கையெழுத்து. ‘அந்த உலகநாதனை அழைத்து வாருங்கள். அவர் வாயால் கேட்க வேண்டும்.’

இனி ஜென்மத்தில் அந்த முகத்தில் விழிப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தவர், வேலூருக்குப் போனார். உலகநாதன் மறுபேச்சுப் பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார். செங்கல்பட்டு வரைக்கும் பஸ்ஸில் ஆளுக்கொரு வரிசையில் உட்கார்ந்து வந்தார்கள்.

அமிர்தவல்லி கூடத்தில் எல்லப்பனின் படத்தை இறக்கித் துடைத்து, பக்கத்து நாற்காலியில் வைத்திருந்தாள். உலகநாதன் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“நீங்க அந்தச் சக்கரத்தப் புடிச்சிருந்தா அவர் வெளிய வந்திருப்பாரா?”

“தெரியலம்மா. காலு மாட்டிகினு இருந்திச்சி. ஆனா சுருக்கா திரும்பியிருக்கும். அப்புறம் நானும் இந்த அண்ணாத்தயும் சேந்து அவன இழுத்துப் பாத்திருக்கலாம்.”

“உங்கள மன்னிச்சிட்டேன்னு சொல்லத்தான் கூப்ட்டேன்னு நெனச்சிக்காதீங்க. அது என்னால முடியாது. பொய்ய விட்டுட்டு உண்மையச் சொன்னீங்க, அது போதும்.”

உலகநாதன் தலையாட்டினார். ஏசுபாதத்துக்கு உள்ளூர ஒரு திருப்தி. வேண்டியதுதான் இவனுக்கு என்று நினைத்தார். அப்போது அமிர்தவல்லி அவர் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, மூடி தொறந்ததும் நீங்க குதிச்சீங்க இல்ல?”

“ஆமா தங்கச்சி.”

“அப்போ மேல எல்லாரும் செத்துட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. அப்புறம் ஆஸ்பத்திரியிலதான் இவரு சொன்னாரு.”

ஏசுபாதத்தின் கண் நாற்காலியிலிருந்த படத்துக்குப் போயிற்று.

“திரும்பிப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“பேர் சொல்லிக் கூப்ட்டீங்களா?”

ஆயிரம் தடவை அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூட அந்த இடத்தில் அவர் நின்று யோசித்ததில்லை. கரும்புத் தோகை முகத்தைக் கிழிக்க, குனிந்தபடி ஓடிய கால்கள் இப்போது கண்ணுக்கு முன்னால் ஓடின. மேலே ஏறி ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

“கூப்புடல” என்றார்.

அமிர்தவல்லி படத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்தாள். பிறகு, “சோறு ஆக்கியிருக்கேன். ரெண்டு பேரும் சாப்ட்டுட்டுப் போங்க” என்று எழுந்தாள்.

பஸ் நிலையத்தில் காஞ்சிபுரம் வண்டி நின்றது. உலகநாதன் ஏறி உட்கார்ந்தார். எதிர்த் திசையில் போகவேண்டிய ஏசுபாதமும் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீ எங்க அண்ணாத்த?”

“காஞ்சிபுரம் வரிக்கும் வரேன். அன்னிக்கி ஒன் சட்டையப் புடிச்சிட்டேன், உலகா.”

“வுடு” என்றார் உலகநாதன்.

அடுத்த வருஷம் கல்லூரியிலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். எல்லப்பனின் மனைவியும் வந்தால்தான் பேசுவேன் என்று ஏசுபாதம் சொல்லியனுப்பினார். அமிர்தவல்லி மகனோடு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாள். அவர் பேசியது ஐந்து நிமிஷம். அதில் தான் ஓடியதையும் சொன்னார். சிலருக்கு அது பிடிக்கவில்லை, வீரர் இப்படியா பேசுவது என்று முணுமுணுத்தார்கள்.

ஏசுபாதம் இரண்டாயிரத்து ஆறில் நெஞ்சுவலியில் காலமானார். கடப்பாக்கத்தில் அடக்கம். உலகநாதன் வேலூரிலிருந்து வந்து குழியருகே நின்றார். அமிர்தவல்லி ஷாரோனின் தோளைப் பிடித்தபடி எதிர்ப்பக்கம் நின்றாள். அவளும் உலகநாதனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கொரு பிடி மண் அள்ளிப் போட்டார்கள்.