வயிறு கழுவிய தண்ணீர்

வயிற்றுப் புற்றுக் கட்டியை வெட்டி எடுப்பது டாக்டர் வேலை. அது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே உதிர்ந்திருக்கிறதா என்று தேடுவது எங்கள் லேப் வேலை. அதில் கை வலிக்கிற பாதி எனக்கு, உட்கார்ந்து பார்க்கிற பாதி கூட வேலை பார்க்கிற கிரேஸுக்கு. பக்கத்து இருக்கையைப் பார்த்து வயிறெரிகிற எல்லோருக்கும் இது புரியும்.

சுற்றுகிற வேலை

ஆபரேஷனின்போதே வயிற்றுக்குள் உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, அதை உறிஞ்சி பாட்டிலில் தருவார்கள். சங்கரன்கோவில் கரண்டை நம்பவா முடியும்? கையால் சுற்றும் மெஷினில் வைத்து நான் சுற்றுவேன். அடியில் படிந்ததைக் கண்ணாடியில் தேய்த்துச் சாயம் போட்டதும், பிளஸ் டூ முடித்த கிரேஸ் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிடுவாள். பத்தாவதோடு நின்ற நான் பார்த்தால் லென்ஸ் தேய்ந்துவிடும் போல. ஒருநாள் கேட்டேவிட்டேன். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஏட்டி, சுத்துதத ஒழுங்காச் சுத்து. பாக்கதுக்கு நான் இருக்கேன்."

இரண்டு தட்டுகள்

வெட்டி எடுத்ததைத் தட்டில் வைத்துச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கு ஆபரேஷன். புளியங்குடி எலுமிச்சை வியாபாரிக்கு, அவர் விற்கிற சரக்கைவிடப் பெரிய கட்டி. தறிக்காரர் சுப்பையாவுக்குச் சுண்டைக்காய் அளவுதான். சுப்பையா மனைவி கோமதி அதை வார்டு முழுக்கச் சொல்லித் திரிந்தாள். வியாபாரி மனைவி அவள் முகத்தையே பார்ப்பதில்லை. என்னிடம் மட்டும் பொருமினாள்: "அவளுக்கென்ன, சுண்டக்கா அளவுதான வந்திருக்கு. குடுத்து வச்சவ."

என் முறை

இரண்டு பேர் தண்ணீரையும் பார்த்துவிட்டு லேப் டாக்டரம்மா ரிசல்ட் எழுதிக்கொண்டு போனார். கிரேஸ் தானாகவே எழுந்து, "வா, பாரு" என்றாள். ஒரு கண்ணாடியில் செல்கள் தளக்கல் பாவினதுபோல் சீராகக் கிடந்தன. மற்றதில் பெரிய, கருத்த செல்கள் கொத்துக்கொத்தாய் ஒட்டிக்கிடந்தன. கொத்து தெரிந்தால் நோய் திரும்பும், சீக்கிரமே திரும்பும் என்று டாக்டரம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். "பாவம், எலுமிச்சக்காரர்" என்றேன். கிரேஸ் சொன்னாள்: "இல்லட்டி. இது கோமதியக்கா வீட்டுக்காரர்."

வார்டு வாசல்

டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னதும் கோமதி நேரே என்னிடம்தான் வந்தாள். "பெரிய கட்டி இருந்தவன் பொழைப்பான், எம்புருசன் பொழைக்க மாட்டானா? தண்ணிய மாத்திட்டியளா?"

"மாத்தலக்கா. ரெண்டையும் நான்தான் சுத்துனேன்" என்றேன். எனக்குப் பூசி மெழுகத் தெரியாது.

எதிர்க் கட்டிலில் வியாபாரிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அவர் மனைவியையே கோமதி பார்த்தபடி நின்றாள். பிறகு கேட்டாள்: "அப்ப அந்தத் தட்ட எதுக்குட்டி எங்கிட்டக் காட்டுனிய?"

யாரைப் பார்த்தும் தாராளமாகப் பொறாமைப்படலாம், ஆனால் எங்கள் லேபில் ரிசல்ட் வரும்வரை பொறுத்திருந்து படுவது நல்லது.